கொல்லிமலையைத் தாண்ட 5,500 அடி

சேலத்திலிருந்து திருச்சிக்கு எப்படிப் போவது என்று புது பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள். நாமக்கல், தொட்டியம், முசிறி, அப்புறம் காவிரிக்கரையோடு நேரே திருச்சி. அதே கேள்வியைக் காமலாபுரம் விமான நிலையத்தில் பயிற்சி எடுக்கும் ஒரு பையனிடமோ பெண்ணிடமோ கேட்டுப் பாருங்கள். பதில் வேறு மாதிரி வரும். வானவழியில் சுமார் 72 கடல் மைல். திசை 148 பாகை. நேர்கோட்டில் கொல்லிமலை குறுக்கே நிற்கிறது. ஆகவே உயரம் 5,500 அடி. காற்று எந்தப் பக்கமிருந்து என்று பார்த்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.

தனியார் விமானி உரிமம், அதாவது பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்குவது என்றால் என்ன என்பதை இந்த ஒரு பதிலை வைத்தே விளக்கிவிடலாம். அது வீரசாகசம் இல்லை. பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்றும் ஒதுக்கிவிட முடியாது. பிறந்து வளர்ந்த மண்ணின் மலை, வெயில், காற்று, ஆறு ஆகியவற்றை முதலிலிருந்து படித்து, அந்தப் படிப்பைக் கைப்பழக்கமாக மாற்றிக்கொள்வதுதான் அது. அந்தப் பாடங்கள் அத்தனைக்கும் உதாரணம் சேலம், நாமக்கல் சமவெளியிலேயே கிடைக்கின்றன.

வாசலுக்கு வந்த ஓடுதளம்

சேலம் விமான நிலையம் இருப்பது ஓமலூர் வட்டத்துக் காமலாபுரத்தில். 1990களில் திறக்கப்பட்டு, வெகுகாலம் விமானம் வராத விமான நிலையமாகவே கிடந்தது. அவ்வப்போது ஒரு நிறுவனம் சேவை தொடங்கும், கொஞ்ச நாளில் நிறுத்திவிடும். சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018 மார்ச் 25 அன்று சென்னைக்கு மறுபடி விமானம் பறந்தது. அதுவும் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் பயணிகள் சேவை வந்தது.

பயணிகளுக்குக் குறையாக இருந்த இந்த அமைதி, பயிற்சிக்கு நிறைவாகிப் போனது. பெரிய விமான நிலையத்தில் பயிற்சி விமானம் ஒன்று ஓடுதளத்தைத் தொட்டு மறுபடி எழும்ப வேண்டுமானால், வரிசையில் நிற்கும் ஏர்பஸ்களுக்கு வழிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், மாணவரின் பணமும் கரைந்துகொண்டே இருக்கும். கூட்டமில்லாத நிலையத்தில் ஒரு மணி நேரத்துக்குள் பலமுறை இறங்கி ஏறலாம். இந்தக் கணக்கை வைத்துத்தான் இந்திய விமான நிலைய ஆணையம் கூட்டம் குறைவான நிலையங்களைப் பறக்கும் பயிற்சி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. 2021இல் பெலகாவி, ஜல்காவ், கலபுரகி, கஜுராஹோ, லீலாபாரி ஆகிய ஐந்து இடங்கள். 2022 ஜூனில் பாவ்நகர், ஹூப்ளி, கடப்பா, கிஷன்கர் ஆகியவற்றோடு சேலமும் பட்டியலில் சேர்ந்தது. இன்று ஓமலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்பவர்களுக்குத் தலைக்கு மேலே வட்டமடிக்கும் சின்ன செஸ்னா பழகிப்போன சத்தம்.

காமலாபுரத்து ஓடுதளத்தின் நீளம் 1,806 மீட்டர். ஒரு முனையில் 04 என்றும் மறுமுனையில் 22 என்றும் எழுதியிருக்கும். அவை திசைகாட்டியின் பாகைகள். கடைசிச் சுழியை விட்டுவிட்டு எழுதுவது உலக வழக்கம். 40 பாகை வடகிழக்கு, 220 பாகை தென்மேற்கு. நம் ஊருக்கு வருடம் முழுக்க எந்த இரண்டு திசைகளிலிருந்து காற்று வருகிறது என்று யோசித்தால், ஓடுதளம் ஏன் இப்படிக் கிடக்கிறது என்பது புரிந்துவிடும். விமானம் எதிர்க்காற்றில்தான் ஏற வேண்டும், எதிர்க்காற்றில்தான் இறங்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று அடித்தால் 22, வாடை அடித்தால் 04.

விதி என்ன சொல்கிறது

இந்தியாவில் உரிமம் தருவது சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகம், சுருக்கமாக டி.ஜி.சி.ஏ. மாணவர் உரிமத்துக்கு 16 வயது, தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். இது பலருக்கும் ஆச்சரியம் தரும் செய்தி. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் வேண்டும் என்பது, சம்பளத்துக்குப் பறக்கும் வணிக விமானி உரிமத்துக்கு உள்ள விதி.

எழுத்துத் தேர்வில் நான்கு விஷயங்கள் வரும்: வான்போக்குவரத்துச் சட்டம், வழிகண்டறிதல், வானிலை, விமானமும் எஞ்சினும். தேர்ச்சிக்கு நூற்றுக்கு 70. மருத்துவச் சான்று இரண்டாம் வகுப்பு. காது, கண், இதயம், ரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருப்பது தடையல்ல. நிறப்பார்வையில் கோளாறு இருந்தால் சிக்கல்.

பறக்கும் அனுபவம் குறைந்தது 40 மணி நேரம். அதில் ஒரு பகுதி பயிற்றுநர் இல்லாமல் தனியாக. ஊர்விட்டு ஊர் போகும் பயணமும் உண்டு. அதில் ஒன்று 150 கடல் மைலுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், வழியில் இரண்டு வேறு வேறு விமான நிலையங்களில் இறங்கி நிறுத்தியிருக்க வேண்டும். சேலத்திலிருந்து திருச்சி, அங்கிருந்து கோயம்புத்தூர், பிறகு சேலம் என்று ஒரு முக்கோணம் போட்டால் ஏறக்குறைய 250 கடல் மைல் வந்துவிடும்.

இந்த உரிமத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? நல்ல வானிலையில், பகலில், தன் பொறுப்பில் விமானத்தை ஓட்டலாம். அம்மா அப்பாவையோ நண்பர்களையோ ஏற்றிக்கொண்டு போகலாம். ஆனால் அதற்குக் கூலி வாங்கக் கூடாது. இரவில் பறக்கவும், மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கவும் தனித் தகுதிகள் வேண்டும்.

நீல எரிபொருளும் குளவிக் கூடும்

காலை ஆறரை மணி. வெயில் இன்னும் சேர்வராயன் மலைக்குப் பின்னாலிருந்து முழுதாக ஏறவில்லை. மாணவர் கையில் செக்லிஸ்ட்டோடு விமானத்தைச் சுற்றி வருகிறார். நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172. 1955இல் முதன்முதலாகப் பறந்து, இதுவரை 44,000க்கும் மேல் தயாரிக்கப்பட்ட ரகம். உலகில் வேறெந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் செய்யப்பட்டதில்லை.

இறக்கைக்கு அடியில் ஒரு சின்ன வால்வு இருக்கும். அதில் ஒரு கண்ணாடிக் குழாயை அழுத்தினால் கொஞ்சம் எரிபொருள் இறங்கும். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இந்த எஞ்சின்களுக்கான ஏவ்கேஸ் 100எல்எல் நீல நிறத்தில் இருக்கும். தொட்டிக்குள் தண்ணீர் சேர்ந்திருந்தால், அது கனமானது என்பதால் அடியில் தங்கும், நிறமில்லாமல் தனியாகக் கோடு பிரிந்து தெரியும். குழாயில் வந்தது முழுக்கத் தண்ணீராக இருந்தால் கோடே தெரியாது. அதனால்தான் கோட்டை மட்டும் தேடாதே, நிறத்தையும் பார், முகர்ந்தும் பார் என்று சொல்லித் தருவார்கள். இந்த எரிபொருள் முழுக்க இறக்குமதியாகவே வந்துகொண்டிருந்தது. 2022இல்தான் இந்தியன் ஆயில் தன் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரிக்கத் தொடங்கியது.

அடுத்து தொட்டிக்குள் குச்சி விட்டு எரிபொருளின் அளவு பார்ப்பது. முன்னால் இருக்கும் முள்ளை மட்டும் நம்பக் கூடாது. எஞ்சின் ஆயிலுக்கும் அதேபோல் குச்சி. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி எடுப்பதற்கு முன் டிரைவர் பானெட்டுக்கு அடியில் செய்யும் அதே வேலைதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று: லாரியை வழியில் ஓரங்கட்டலாம்.

இறக்கையின் அடியில் பிட்டோ என்ற சிறு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே வரும் காற்று அதில் புகுந்துதான் வேகம் காட்டும் முள் நகர்கிறது. இரண்டு நாள் மூடி போடாமல் விட்டால் குளவி அதற்குள் மண்கூடு கட்டிவிடும். ஓடுதளத்தில் சீறிக்கொண்டு போகும்போது முள் அசையாமல் நின்றால் உடனே புறப்பாட்டைக் கைவிட வேண்டும். ஒரு குளவி அவ்வளவு பெரிய இயந்திரத்தை நிறுத்திவிடும் என்று தெரிந்துகொள்வது முதல் வாரத்துப் பாடம்.

வெயிலைப் படிப்பது

ஏன் இத்தனை அதிகாலையில் பறக்கிறார்கள்? சித்திரை மாத மதியத்தில் சேலத்து வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். காமலாபுரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு உலகப் பொதுக் கணக்குப்படி இருக்க வேண்டிய வெப்பம் 13 டிகிரி. அதைவிட 27 டிகிரி கூடுதல். காற்று சூடானால் விரியும், அடர்த்தி குறையும். அந்த 1,000 அடியோடு ஒவ்வொரு கூடுதல் டிகிரிக்கும் சுமார் 120 அடி என்று சேர்த்துக்கொண்டே போனால், விடை 4,200 அடியைத் தாண்டுகிறது.

அதாவது, காமலாபுரத்துத் தரையில் நிற்கும் விமானத்தைப் பொறுத்தவரை அது கொல்லிமலை உச்சியில் நிற்கிறது. இறக்கைக்குப் பிடி குறைவு. எஞ்சினுக்கு மூச்சு குறைவு. காற்றாடிக்குக் கடிக்கக் காற்று குறைவு. எழும்புவதற்கு ஓடுதளத்தில் கூடுதல் தூரம் ஓட வேண்டும், எழும்பிய பிறகும் மெதுவாகத்தான் ஏறும். அதோடு பின் இருக்கைகளில் இரண்டு ஆட்களையும் ஏற்றித் தொட்டியையும் நிரப்பினால் என்ன ஆகும் என்பதை, கிளம்புவதற்கு முன்பே அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போட்டு வைக்க வேண்டும். வெயில் என்றால் வியர்வை என்று மட்டும் நினைத்திருந்த பிள்ளைக்கு, அதற்கு அடிக்கணக்கில் ஓர் உயரம் உண்டு என்று தெரிகிற நாள் முக்கியமான நாள்.

வட்டம், வட்டம், மறுபடி வட்டம்

பயிற்சியின் பெரும்பகுதி சர்க்யூட்டில் கழியும். ஓடுதளத்தில் எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளி, சுமார் 55 நாட் (மணிக்கு 55 கடல் மைல்) வேகத்தில் மூக்கை மெல்லத் தூக்கினால் விமானம் தரையை விடும். நேரே ஏறி, திரும்பி, தரையிலிருந்து 1,000 அடி உயரத்தில் ஓடுதளத்துக்கு இணையாகத் திரும்பிப் பறந்து, மறுபடி இரண்டு திருப்பம் திரும்பி இறங்குவார்கள். சக்கரம் தரையைத் தொட்டதும் மீண்டும் முழு வேகம், மீண்டும் மேலே.

இறங்குவதுதான் எல்லோரையும் படுத்தும். சக்கரம் தரையைத் தொடும் இடத்தைக் கண் தேடிக்கொண்டே இருக்கும். அங்கே பார்த்தால் உயரம் பிடிபடாது. கடைசி நொடிகளில் பார்வையை ஓடுதளத்தின் தூரத்து முனைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போதுதான் தரை இரண்டு பக்கமும் மேலே எழும்பி வருவது ஓரக்கண்ணில் தெரியும். கையை மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுத்து, விமானம் தானாக உட்காரும்வரை அதைப் பறக்கவே வைத்திருக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்து ஒருவரும் கற்றதில்லை. எத்தனையோ முரட்டுத்தனமான இறக்கங்களுக்குப் பிறகு ஒருநாள் கை பிடித்துக்கொள்ளும்.

கை பிடித்துக்கொண்டது என்று பயிற்றுநருக்கு உறுதியானால், ஒரு காலை வேளையில் முன்னறிவிப்பின்றி விமானத்தை நிறுத்தச் சொல்லி அவர் கதவைத் திறந்து இறங்கிவிடுவார். அதுதான் சோலோ. பக்கத்து இருக்கையின் எடை இல்லாததால் விமானம் பழகியதைவிடச் சட்டென்று மேலேறும். அந்தச் சின்ன வித்தியாசத்தை எந்த விமானியும் மறப்பதில்லை. இறங்கி வந்ததும் தலையில் தண்ணீர் ஊற்றுவது பல பயிற்சிக் கூடங்களில் வழக்கம்.

அதற்கு முன்பே ஸ்டால் பழகியிருக்க வேண்டும். வேகத்தைக் குறைத்து மூக்கைத் தூக்கிக்கொண்டே போனால், காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டுப் பிரியத் தொடங்கும். எச்சரிக்கை ஊதல் அழும். விமானம் நடுங்கும். பிறகு மூக்கு கவிழும். மனித சுபாவம், கீழே விழுகிறோமே என்று கைப்பிடியைத் தன் பக்கம் இழுப்பது. இழுத்தால் நிலைமை மோசமாகும். முன்னால் தள்ளி மூக்கைத் தாழ்த்தினால்தான் காற்று இறக்கையைப் பிடிக்கும், அப்புறம் சக்தி கொடுத்து மேலேறலாம். பயத்துக்கு எதிர்த்திசையில் கையைப் பழக்குவதற்குப் பாதுகாப்பான உயரத்தில் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்கள்.

எஞ்சின் நின்றால்

வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். "மேலே போய் எஞ்சின் நின்னுபோச்சுன்னா என்னங்க பண்ணுவாங்க?"

எஞ்சின் நின்றால் விமானம் கல்லாக விழாது, சறுக்கிக்கொண்டு இறங்கும். செஸ்னா 172 ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் சுமார் ஒன்றரைக் கடல் மைல் சறுக்கும். தரையிலிருந்து 3,000 அடி உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் தூரமும் நான்கு நிமிடமும் கையில் இருக்கின்றன. அந்த நான்கு நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது என்பதற்குத்தான் பயிற்சி. பயிற்றுநர் சொல்லாமல் கொள்ளாமல் த்ராட்டிலை இழுத்துவிட்டு, "எஞ்சின் போச்சு, எங்கே இறங்குவே?" என்று கேட்பார்.

அப்போது தெரியும், நம் சமவெளியை மேலிருந்து பார்ப்பது எப்படிப்பட்ட வேலை என்று. பச்சையாகத் தெரிவதெல்லாம் இறங்க ஏற்ற இடமில்லை. தென்னந்தோப்பு ஆகாது. ஆளுயர மரவள்ளிக்காடு கடைசித் தேர்வு. அறுவடை முடிந்து உழாமல் கிடக்கும் கடலைக்காடு நல்லது, ஆனால் நடுவில் கிணறு இருக்கும். மேட்டூரிலிருந்து கிளம்பும் உயர்மின் கம்பிகள் நாலாபக்கமும் போகின்றன. கம்பி கண்ணுக்குத் தெரியாது, கோபுரங்களைப் பார்த்துத்தான் கம்பியை ஊகிக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்பதை எங்காவது எழும்பும் புகையைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

இது வெறும் ஒத்திகை இல்லை. 2025 நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பிய ஒரு பயிற்சி விமானம், புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைக்கு அருகே திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் அவசரமாக இறங்கியது. போக்குவரத்து ஓடும் சாலை. உள்ளே இருந்த இருவரும் உயிர் தப்பினார்கள். விமானம் சாலையில் நிற்கும் படங்கள் தமிழகம் முழுக்கப் பரவின. பார்த்தவர்கள் அதிர்ஷ்டம் என்றார்கள். அதிர்ஷ்டத்துக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட வேளையில் பதறாமல் வேகத்தைப் பிடித்து, இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதிலேயே நிற்பது பழகிய கையால்தான் முடியும்.

காற்று இழுத்துப் போகும் இடம்

திருச்சிப் பயணத்துக்கு வருவோம். 148 பாகையில் கோடு போட்டாகிவிட்டது. கோடு ராசிபுரத்துக்குக் கிழக்கே போய், நேராகக் கொல்லிமலை மீது ஏறுகிறது. மலையின் உயரம் சுமார் 1,300 மீட்டர், அடியில் சொன்னால் 4,200க்கும் மேல். கிழக்குப் பாதியை நோக்கிப் பறப்பவர்கள் ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500 அடியும், மேற்குப் பாதியை நோக்கிப் பறப்பவர்கள் இரட்டைப்படை ஆயிரத்தோடு 500 அடியும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. எதிரெதிரே வருபவர்கள் ஒரே உயரத்தில் சந்திக்கக் கூடாது அல்லவா? 3,500 அடி என்றால் மலை இடிக்கும். ஆகவே 5,500. தலைப்பில் இருக்கும் எண் இப்படி வந்ததுதான்.

இப்போது காற்று. ஆனி, ஆடி மாதத்துத் தென்மேற்குக் காற்று 240 பாகையிலிருந்து 20 நாட் வேகத்தில் வீசுகிறது, விமானத்தின் வேகம் 100 நாட் என்று வைத்துக்கொள்வோம். திருச்சி சேர சுமார் 44 நிமிடம். மூக்கை 148லேயே வைத்துக்கொண்டு, காற்றைக் கணக்கில் எடுக்காமல் பறந்தால், அந்த 44 நிமிடத்தில் காற்று விமானத்தை 27 கிலோமீட்டர் பக்கவாட்டில் தள்ளியிருக்கும். கீழே மலைக்கோட்டையைத் தேடுபவர் கல்லணையைத் தாண்டித் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் போய் நிற்பார். சரியாகப் போய்ச் சேர மூக்கை வலப்பக்கம் சுமார் 12 பாகை திருப்பி 160இல் பிடிக்க வேண்டும். விமானம் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு இன்னொரு பக்கம் நகரும். முதல்முறை பார்க்கும் மாணவருக்கு இது விசித்திரமாக இருக்கும்.

இந்தக் கணக்குக்குப் பள்ளிக்கூட முக்கோணவியல் போதும். தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் தயங்க வேண்டிய இடம் இதுவல்ல. தயங்கினால் ரேடியோவில் தயங்கலாம், அதையும் பழக்கத்தில் சரிசெய்துவிடலாம். கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுவது ஆங்கிலத்தில்தான், ஆனால் அது அளந்த ஆங்கிலம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அச்சு இருக்கிறது. சொன்ன உத்தரவைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எண்கள் காதில் குழம்பாமல் இருக்க ஒன்பதை ‘நைனர்’ என்றும் ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும் உச்சரிக்க வேண்டும். வீட்டில் கண்ணாடி முன் நின்று பேசிப் பேசியே இதைப் பழகிக்கொண்டவர்கள் நிறைய.

வழியில் பார்வைக்கு அடையாளம் வேண்டும். அதற்கு நம் பக்கம் குறைவே இல்லை. கிழக்கே சேர்வராயன் மலை, தெற்கே கஞ்சமலையும் அதன் அடியில் உருக்காலையும், மேற்கே மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு, வடக்கே தொப்பூர்க் கணவாய், நாமக்கல்லில் ஊருக்கு நடுவே ஒற்றைப் பாறையாகக் கோட்டை. கொல்லிமலைமீது மேகம் உட்கார்ந்திருந்தால், மேற்கே சுற்றி மோகனூர்ப் பக்கம் காவிரியைப் பிடித்துக்கொண்டு போகலாம். முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிவது தெரிந்தால் திருச்சி வந்துவிட்டது.

கண்ணால் பார்த்துப் பறப்பவருக்கு விதி மேகத்திலிருந்து இடைவெளி கேட்கிறது: மேலும் கீழும் 1,000 அடி, பக்கவாட்டில் ஒன்றரை கிலோமீட்டர். பார்வைத் தூரம் குறைந்தது ஐந்து கிலோமீட்டர். சித்திரை, வைகாசி மதியங்களில் ஏற்காட்டுக்கு மேலே மேகம் கோபுரமாகக் கட்டும்போது, இந்த எண்கள் புத்தகத்தைவிட்டு வெளியே வந்து நிற்கும். ஐப்பசியில் வாடைக்காற்று சேர்வராயன் மலையைத் தாண்டி இறங்கும் பக்கத்தில் குலுக்கல் இருக்கும். இன்றைக்கு வேண்டாம், திரும்பிப் போய்விடலாம் என்று தானாக முடிவெடுக்கும் மாணவரைப் பயிற்றுநர் பாராட்டுவார். இறக்கத்தை அழகாகப் போடுவதைவிட அந்த முடிவுக்கு மதிப்பு அதிகம்.

யாருக்கு இது?

இந்தியாவில் முதல் விமானி உரிமம் பெற்றவர் ஜே.ஆர்.டி. டாட்டா. 1929 பிப்ரவரி 10. அதற்கடுத்த ஆண்டே மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் வந்துவிட்டது. 1936இல் சரளா துக்ரால் 21 வயதில், புடவை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மாத் விமானத்தில் சோலோ பறந்தார். தென்னிந்தியாவுக்கு உஷா சுந்தரம் இருக்கிறார். பெங்களூர் ஜக்கூரில் அரசுப் பறக்கும் பயிற்சிப் பள்ளியில் 1949இல் தேறி வந்தவர். 1951இல் மெட்ராஸ் அரசுக்காக வாங்கிய டவ் விமானத்தை, தம் கணவர் வி. சுந்தரத்தோடு சேர்ந்து இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அது சாதனை. நம் பக்கத்துப் பெண்ணுக்கு விமானம் ஓட்டத் தெரியும் என்பது புதுச் செய்தி இல்லை, எழுபது வருடத்துக்கும் மேல் பழைய செய்தி.

ஆனாலும் பணம் ஒரு பெரிய சுவர். அதை மறைத்துப் பேசக் கூடாது. 40 மணி நேரத்துக்கே பல லட்சம் ஆகும். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம், பல பத்து லட்சம். 2023இல் மட்டும் டி.ஜி.சி.ஏ. 1,622 வணிக உரிமங்களைக் கொடுத்தது. அந்த ஆண்டுவரை அதுவே உச்சம். இந்திய மாணவர்களில் பெரும்பாலோர் தனியார் உரிமத்தில் நிற்காமல் நேரே வணிக உரிமத்தை நோக்கிப் போய்விடுகிறார்கள். பொழுதுபோக்காகப் பறக்க வாடகை விமானங்கள் நம் நாட்டில் குறைவு, ஏவ்கேஸ் கிடைக்கும் இடங்களும் குறைவு. தனியார் உரிமத்தோடு நிற்க நினைப்பவர் இதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். பின்னால் மனம் மாறினால், பறந்த மணிகள் வீணாகாது. அந்த 200இல் சேரும்.

லாரியும் ரிக் வண்டியும் சொந்தக் கையால் கட்டி நாடு முழுக்க அனுப்பும் மண் இது. நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறையிலும் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் குடும்பங்களிலும் இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் பிள்ளைகள் வளர்கிறார்கள். அந்தக் காதும் கையும் எஞ்சினைக் கேட்டுப் பழக வேண்டிய இந்தக் கல்விக்கு அப்படியே பொருந்தும். பட்டறைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் தமிழில் விளக்கும் அறிமுக வகுப்பும் கிடைத்தால், காமலாபுரத்தில் நம் ஊர்ப் பெயர்கள் இன்னும் நிறையக் கேட்கும். மாவட்டப் பள்ளிகள் தங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருமுறையாவது அந்த ஓடுதளத்துக்கு அழைத்துப்போக அனுமதி கேட்டுப் பார்க்கலாம்.

வீட்டில் யாருக்காவது இந்த ஆசை இருந்தால், வரிசை தப்பாமல் செய்ய வேண்டியவை சில உண்டு. முதலில் மருத்துவப் பரிசோதனை. பணம் கட்டிய பிறகு நிறப்பார்வைக் கோளாறு தெரியவந்து திண்டாடுபவர்கள் உண்டு, ஆகவே டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் போய்ச் சான்று வாங்கிய பிறகே மற்றது. பின்னால் வணிக உரிமம் எடுக்கும் எண்ணம் துளியாவது இருந்தால், முதல் வகுப்பு மருத்துவத் தகுதிக்குத் தேறுவோமா என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள். இரண்டாவது, பயிற்சி நிறுவனத்தின் பெயர் டி.ஜி.சி.ஏ. இணையதளத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, நேரில் போய் எத்தனை விமானங்கள் இன்று பறக்கும் நிலையில் இருக்கின்றன, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். பத்து விமானம் இருந்து நான்கு பழுதுபார்ப்பில் நின்றால், உங்கள் பிள்ளை மாதக்கணக்கில் விடுதியில் காத்திருக்கும். கட்டணத்தை மொத்தமாகக் கட்டாமல், பறக்கும் மணிக்கேற்பத் தவணையில் கட்ட வழி உண்டா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால், மாணவர் உரிமத்துக்கான விண்ணப்பத்தை 16 வயது நிறைந்ததுமே போட்டுவிடலாம்.